துரை வண்டிக்கு ஜப்பான் சக்கரம்

பெட்ரோலில் கழுவினாலும் கறை போகாத கைகளை வைத்திருந்த என் அப்பாவுக்கு,

வண்டி நின்றது, அப்பா! தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது. பிரேக்கை இரண்டு விரலால்தான் பிடித்தேன். மூக்கைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விட்டு, அப்படியே நின்றுகொண்டது. இதே மோட்டார் சைக்கிளை நிறுத்த நீங்கள் பட்ட பாடு நம் தேக்கா வட்டாரம் முழுவதற்கும் தெரியும். நாலு கடைக்கு முன்பிருந்தே கியரைக் குறைப்பீர்கள், செருப்பைத் தாரில் தேய்ப்பீர்கள், "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்துவீர்கள். பால்காரர் மாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவார்.

இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். படிக்கப் போவது யார்? ஆனால் மூன்று நாளாக இந்தச் செய்தி வாய்க்குள்ளேயே கிடந்து குதிக்கிறது. தேக்காவில் யாரைப் பிடித்துச் சொன்னாலும் "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுகிறார்கள். பிரேக் கட்டை சரியாகக் கவ்வும்போது கைப்பிடியில் ஒரு சின்ன அதிர்வு வருமே, அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எனக்கு நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

சொல்ல வேண்டியதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காது. முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். முன் சக்கரம், பிரேக், முன் ஃபோர்க், பின் சக்கரம், எல்லாம் ஜப்பான்காரன் செய்தது.

எழுந்து போய்விடாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் வேலை பார்த்த பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை விற்றார். நாயைக் கூடவே கப்பலில் ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் அவருடைய லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த உங்களுக்கு, இனித் தனக்குத் தேவைப்படாத இந்த வண்டியைக் கொடுத்தார். உலகச் சண்டைக்கு முந்தைய வண்டி. என்னைவிட வயதில் மூத்தது. வேலைக்கு ஒரு உத்தரவாதக் கடிதமோ, ஓய்வுத் தொகையோ, அதெல்லாம் பேச்சிலேயே வரவில்லை. நீங்கள் இரண்டு கையாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டீர்கள். அம்மா வண்டிக்கு மாலை போட்டாள். நானும் கைதட்டினேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்குத் தாங்காது. "துரை குடுத்த மாதிரியே இருக்கணும்டா" என்று ஒரு ஆணியைக்கூட மாற்ற விடவில்லை. வெளியூர்க்காரன் வண்டிக்கெல்லாம் பழுது பார்க்கிற கை, சொந்த வண்டியின் பிரேக்கைத் தொடப் பயந்தது. முன் சக்கரத்தைத் தாங்க இரும்புச் சட்டங்களால் ஆன பழைய ஃபோர்க். பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது, சக்கரம் நேராகச் சட்டத்தில் மாட்டியிருந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் பல் ஆடும். துரை தனியாக ஓட்டியதால் பின்னால் இருக்கை இல்லை. அதனால் நமக்கும் இருக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். அம்மா ஒரு நாளும் அதில் ஏறவில்லை. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றும் அவள் மருத்துவமனைக்கு நடந்துதான் வந்தாள்.

சரி. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். செய்தியைச் சொல்கிறேன்.

எனக்கு ஜூரோங்கில் வேலை கிடைத்திருக்கிறது! இரும்புக் கம்பி இழுக்கும் ஆலையில் இயந்திரப் பழுது பார்க்கும் வேலை. நீங்கள் இருந்தபோது அங்கே சேறும் இறால் குட்டையும்தான். இப்போது போய்ப் பாருங்கள், மலையையே வெட்டிக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் தீவு தனி நாடாகி இரண்டு வருஷம் ஆகிறது, ஆளுக்கு ஆள் வேலை தேடி ஓடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு முதல் ஷிப்ட். தேக்காவிலிருந்து அந்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் கிடையாது. நேர்முகத்தில் முதல் கேள்வியே, "சொந்த வண்டி இருக்கா?" என்பதுதான். "இருக்கு" என்றேன். பொய் இல்லை. நம் வீட்டுக்குக் கீழே, கடைக்கு முன்னாலிருக்கும் கூரை போட்ட அஞ்சடிப் பாதையில் தார்ப்பாய்க்குள் இருந்தது. ஓடுமா என்று அவர்கள் கேட்கவில்லை.

மூன்று வருஷமாகக் கிடந்த வண்டியைச் சாலையில் விட வேண்டுமானால் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். பரிசோதகர் ஒரு மலாய்க்காரர், சின்ன மீசை, காதில் பென்சில். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலாயில் கேட்டார்.

"இது உன் தாத்தாவா?"

"அப்பா வண்டி, ஐயா."

"அப்பாகிட்ட சொல்லு, ஃபோர்க் ஆடுது, ரிம்மில விரிசல், முன் பிரேக் வெறும் அலங்காரம். ரெண்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள சரியா வரலன்னா பதிவை ரத்து பண்ணிடுவேன் லா."

இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் முடிகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள் நான் ஆலையில் நிற்க வேண்டும். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. அவ்வளவுதான் கணக்கு. சுங்கை ரோட்டுக்கு ஓடினேன்.

ஆ செங்கை உங்களுக்குத் தெரியாது. சுங்கை ரோட்டில், வாய்க்காலைப் பார்த்த மாதிரி, பழைய வண்டிகளை உடைத்துச் சாமானாக விற்கிற சீனன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், ஆனால் தமிழன் யாராக இருந்தாலும் அவனுக்கு "அண்ணே"தான். பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலேயே பேசுவான், வெல்டிங்கும் செய்வான். உங்கள் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் அதே மாதிரி மாற்றுச் சாமான் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, அதே மாதிரி வேணும்னா மியூசியத்துல கேளு. இங்க வா."

கோணித் துணியை விலக்கிக் காட்டினான். லாரியில் மோதிப் பின்புறச் சட்டமும் இன்ஜினும் நசுங்கிப்போன ஒரு ஜப்பான் வண்டி. ஆனால் முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. குழாய்க்குள் குழாய் இறங்கும் ஃபோர்க், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். அலுமினிய வளையம். நடுவில் பிரேக்கை மூடிய டிரம், இரண்டு கை அகலத்துக்கு. கழற்றிக் காட்டினான். அப்பா, உள்ளே இரண்டு பிரேக் கட்டை, இரண்டும் சக்கரம் சுழலுகிற திசையிலேயே போய்க் கடிக்கும்படி வைத்திருக்கிறான். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழலக் கட்டை தானாக இன்னும் இறுகும். உங்கள் பிரேக்கில் ஒரு கட்டைதான் அப்படி, மற்றது சும்மா கூடவே வரும். நான் அங்கேயே மண்டியிட்டுவிட்டேன். கோயிலில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. "ஜப்பான் சாமான்" என்று இழுத்தேன். "எங்கப்பாவைச் சண்டைக் காலத்துல ஜப்பான்காரங்க சயாமுக்குக் கொண்டுபோனாங்க. ரயில் போட."

ஆ செங் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். நான் பார்த்து அன்றைக்குத்தான் எடுத்தான்.

"திரும்பி வந்தாரா?"

"வந்தார்."

"எங்கப்பாவையும் அவங்கதான் ஜாலான் புசார்ல லாரியில ஏத்துனாங்க. நான் அஞ்சடியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வரல." குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான். "இந்தச் சக்கரம் அப்பப் பொறக்கவே இல்ல அண்ணே. இதுக்கு எங்கப்பாவையும் தெரியாது, உங்கப்பாவையும் தெரியாது. நிறுத்தச் சொன்னா நிறுத்தும். வேணுமா, வேணாமா?"

வாங்கிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் பிரளயம். படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரு சாமான்?"

"ஜப்பான்."

"உங்கப்பா கால்ல இருந்த தழும்பைப் பாத்திருக்கியா நீ?"

"பாத்திருக்கேம்மா."

"அந்தாளு வண்டியில, அவனுங்க சக்கரமா? டேய் செல்வம், அதுக்கு நீ வண்டியையே கொளுத்திடலாம்டா."

"துரை வண்டிம்மா அது. நம்மகிட்ட இருந்து உழைப்பை வாங்கினவன் ஒருத்தன், உயிரை வாங்கப் பாத்தவன் ஒருத்தன். ரெண்டு பேர் சாமானையும் சேத்து நான் வேலைக்குப் போறேன். இதுல என்ன தப்பு?"

"வாய் நல்லா பேசு" என்றாள். அதற்குப் பிறகு பத்து நாள் அந்தச் சக்கரம் சாய்த்து வைத்திருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. அஞ்சடியில் அதைத் தாண்ட வேண்டிய இடத்தில் தெருவில் இறங்கி நடந்து திரும்ப ஏறினாள்.

அவளைத் தப்புச் சொல்லவில்லை. சயாமைப் பற்றி நீங்கள் எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் சோறு வைத்தால் ஒரு பருக்கை விடமாட்டீர்கள். அதிலேயே எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. உங்களிடமே கேட்கிறேன்: நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருப்பீர்களா? இல்லை, யாரும் பார்க்காதபோது டிரம்மைத் திறந்து உள்ளே பார்த்திருப்பீர்களா?

நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

வேலையைக் கேளுங்கள். இங்கிலாந்துக்காரன் சட்டத்தின் தலைக்குழாய்க்குள் ஜப்பான்காரன் ஃபோர்க்கின் தண்டு லொடலொட என்று ஆடியது. ஆ செங் கடைசலில் பித்தளை புஷ் ஒன்று கடைந்து நடுவில் இறக்கினான். இரண்டு நாட்டையும் சேர்த்து வைத்தது அந்த ஒரு வளையம்தான். சக்கரம் கொஞ்சம் சின்னது, அதனால் வண்டியின் முன்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தது. பின்பக்கத்தை அறுக்க வேண்டியிருந்தது. ரம்பத்தை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, மூன்றாவது தடவைதான் அறுத்தேன், மறைக்க மாட்டேன். அறுத்த இடத்தில் வேறொரு உடைந்த ஜப்பான் வண்டியின் பின் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஆடும் கையையும் பொருத்தி, இரண்டு பக்கமும் அதிர்வு தாங்க ஸ்பிரிங் போட்ட அப்சார்பர் மாட்டினோம். பின் சக்கரத்தில் செயின் அரை விரல் விலகி நின்றது. வாஷர் அடுக்கி நேராக்கினேன்.

முதல் தடவை வண்டியில் உட்கார்ந்தபோது அது இறங்கியது, அப்பா! என் எடைக்கு இறங்கி, மெதுவாக ஏறியது. முப்பது வருஷமாகக் கட்டை மாதிரி நின்ற வண்டி. நான் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆ செங் "போதும் அண்ணே, முட்டை போடப் போவுது" என்றான்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பின் மட்கார்டை மட்டும் பழையதையே போட நினைத்து, துருவைச் சுரண்டினேன். கறுப்புச் சாயத்துக்கு அடியில் ஏதோ மெழுகு மாதிரி உதிர்ந்தது. இன்னும் சுரண்டினேன். நாலு துளை. நாலும் ஒரு சதுரத்தின் மூலைகளில், அளந்து போட்டவை. ஓரத்தில் பிசிறு இல்லாமல் அரத்தால் வழித்திருந்தது. பிறகு யாரோ ஈயத்தை உருக்கி அடைத்து, தேய்த்து, அதே கறுப்பில் சாயம் பூசியிருந்தார்கள்.

அப்படிச் சுத்தமாகத் துளை போடுகிறவர் நம் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். துரை வண்டியில் ஓர் ஆணியைத் தொடக் கூடாது என்ற அதே ஆள்.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும் வண்டியைப் பத்தி?" என்று உள்ளே போய்விட்டாள். ஆனால் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பரிசோதனை நாள் வெள்ளி என்றேன் அல்லவா, அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜையாக வந்து நின்றது. நான் பூஜைக்காரன் இல்லை, உங்களுக்குத் தெரியும். முன் சக்கரத்தில் இரண்டு கம்பி தளர்ந்திருந்ததால் புதன்கிழமை சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைத் தனியாக எடுத்து, செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தேன். வியாழக்கிழமை கம்பியை முறுக்கிவிட்டு மாட்டிவிடலாம் என்று கணக்கு. காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் இருந்தது. உங்கள் ஸ்பேனர், சுத்தி, அரம், எல்லாவற்றையும் அம்மா எடுத்துப் பரப்பியிருந்தாள். பொரி, கடலை, வாழைப்பழம். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. நீங்கள் கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஒரே சட்டம் அது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தேன், நடுவில் அந்தச் சக்கரம். டிரம்மின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பத்து நாளாகத் தெருவில் இறங்கி நடந்தவள் வைத்த பொட்டு.

"என்னம்மா இது?"

"அந்தச் சீனப் பையன் அப்பாவை லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னியே." வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்திக்கொண்டே சொன்னாள். "அவனே தொட்டு மாட்டுறான். எனக்கென்ன. நீ கீழ விழாம போயிட்டு வா."

அன்று முழுவதும் எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாட்டினேன். கம்பியை முறுக்கினேன், கட்டைகளை வைத்தேன், டிரம்மை மூடினேன். பொட்டு அழியாமல் இருக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பு. ஆலைக்குப் போகிற பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. சாலையில் ஒரு தடவைகூட அழுத்திப் பிடித்துப் பார்க்கவில்லை. பின் பிரேக்கிலேயே மெதுவாகப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்விட்டேன்.

பரிசோதகர் அசந்துபோனார். ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தார், பின்பக்கத்தை உலுக்கினார். "தாத்தாவுக்குப் புதுக் கால் வெச்சிட்டியே" என்றார். வெள்ளைக் கோட்டைக் காட்டினார். அங்கே வந்து முன் பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும்.

வந்தேன். பிடித்தேன். கைப்பிடி வரை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மீன் மேல் கை வைத்த மாதிரி வழுக்கியது. கோட்டைத் தாண்டி, பரிசோதகரைத் தாண்டி, வரிசையில் நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரனைத் தாண்டி, வேலியில் போய் முட்டி நின்றேன்.

"ஜூரோங்குக்கு இப்படியே போயிடலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டார் பரிசோதகர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மூடுவோம். அதுக்குள்ள வந்தா பாக்கிறேன். வரலன்னா காகிதத்தைக் குடுத்துட்டுப் போயிடு."

வழியில் வீட்டைத் தாண்டித்தான் சுங்கை ரோட்டுக்குப் போக வேண்டும். அம்மா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். "நிக்கலம்மா!" என்று கத்திவிட்டுப் போனேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆ செங் டிரம்மைத் திறந்தான். கட்டையை எடுத்து விரலால் தேய்த்தான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அவன் முகம் போன போக்கை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

"அண்ணே, இது இன்ஜின் ஆயில் இல்ல. இதை எங்க வீட்டுல மீ நூடுல்ஸ் மேல ஊத்துவோம். எள்ளெண்ணெய்! நீ என்ன, பிரேக்கை வறுக்கப் போறியா?"

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா என்ன செய்வாள்? துரு பிடிக்காமல் இருக்க, உங்கள் கருவி ஒவ்வொன்றையும் துணியில் நல்லெண்ணெய் தொட்டு ஒற்றித் துடைப்பாள். செய்தித்தாளில் இருந்த பிரேக் கட்டைகளையும் கருவி என்று நினைத்து, உங்கள் ஸ்பேனரைத் துடைக்கிற அதே பக்தியோடு துடைத்திருக்கிறாள். ஒரு பட்டறைக்காரரின் மனைவி செய்த வேலை, ஓரம் விடாமல் சுத்தமாகத்தான் செய்திருந்தாள். அதை எடுத்த கையோடு மாட்டிய நான்தான் முட்டாள். பொட்டைப் பார்த்தேன், எண்ணெயைப் பார்க்கவில்லை.

பெட்ரோலில் கழுவினோம். தீயில் காட்டினோம், எண்ணெய் பொரிந்து வெளியே வந்தது, தெரு முழுக்கத் தோசைக் கடை வாசனை. உப்புத்தாளால் தேய்த்தோம். டிரம்மைத் துடைத்தபோது பொட்டு இருந்த பக்கம் மட்டும் ஆ செங் துணியைக் கொண்டுபோகவில்லை. "இது கெடுக்காது, இருக்கட்டும்" என்றான்.

இந்தத் தடவை சுங்கை ரோட்டிலேயே ஆறு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மூன்றே முக்காலுக்குப் பரிசோதனை நிலையம். பரிசோதகர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேண்டுமென்றே நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

அதைத்தான் முதலிலேயே சொன்னேன். நின்றது! ஒரு முழம் முன்னாலேயே! அவர் நடந்து வந்து சக்கரத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், காதிலிருந்த பென்சிலை எடுத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "உங்கப்பாகிட்ட சொல்லு, நல்லா இருக்கு" என்றார்.

சொல்லிவிட்டேன், அப்பா.

வீட்டுக்கு வந்தால் அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமைக்கவே இல்லை.

"வேணாம்னு சொல்றாருடா. அந்தச் சக்கரம் அவருக்குப் பிடிக்கல. அதான் நிக்கல."

"அம்மா, நின்னுடுச்சு. பாஸ்!"

"காலையில நிக்கலையே."

நடந்ததை மறைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு மறைக்க வராது. "அப்பாவும் இல்ல, ஆவியும் இல்லம்மா. நல்லெண்ணெய். நீதான் துடைச்சே."

அவள் என்னைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "நான் உங்கப்பா ஸ்பேனருன்னுல நெனச்சேன்!" அடங்கின பிறகு, நான் கேட்காமலேயே சொன்னாள்.

"அந்த நாலு ஓட்டையும் எனக்குப் போட்டதுடா."

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் இப்போதுதான் கேட்கிறேன். வண்டி வந்த மறு வருஷம், காத்தோங் பிள்ளையார் கோயிலுக்கு அம்மாவை வண்டியில் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களாம். பின் இருக்கை ஒன்று எங்கிருந்தோ தேடிப் பிடித்து, துளை போட்டு மாட்டினீர்களாம். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியது. சனிக்கிழமை பட்டறையில் புதுத் துரை அதைப் பார்த்துவிட்டு, "அப்படிப்பட்ட வண்டியில இப்படி ஒரு சோபாவை வெச்சுக் கெடுத்துட்டியே" என்று சொல்லிச் சிரித்தாராம். அன்று சாயங்காலமே இருக்கையைக் கழற்றி, ஈயத்தை ஊற்றி அடைத்துவிட்டீர்களாம்.

"நான் பூவெல்லாம் வெச்சுக்கிட்டு ரெடியா நின்னேன். பஸ்ல போனோம். எனக்கு ஒண்ணுமில்ல. உங்கப்பாதான் காத்தோங் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தாரு. திரும்பி வரும்போது, 'அடுத்த வருஷம் பாப்போம்'னாரு."

அப்பா, உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் தெருவில் நிற்கிறது. உங்களைப் பயந்தவர் என்று நினைத்திருந்தேன். பயந்தவர் துளை போடுவாரா? நீங்கள் போட்டீர்கள். ஒரு ஆள் சிரித்த சிரிப்பு அதை அடைத்தது. வண்டியும் உங்களுடையது, மனைவியும் உங்களுடையவள். அந்த ஆளுக்கு அதில் என்ன வேலை? ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் திங்கள்கிழமை வேலை இருந்திருக்காது, அதுதானே? அந்தச் சோறுதான் நான் தின்றது. இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

சனிக்கிழமை ஆ செங்கிடம் போய் அகலமான பின் இருக்கை ஒன்று வாங்கினேன். புதுத் துளை எதுவும் போடவில்லை. உங்கள் ஈயத்தைத் தட்டி எடுத்துவிட்டு, உங்கள் நாலு துளையிலேயே போல்ட் போட்டேன். ஒரு மயிரிழை விலகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "இது என்னடா தொட்டில் மாதிரி ஆடுது?" என்றாள். "ஸ்பிரிங்மா." காலாங் பாலம் வரை "மெதுவா, மெதுவா." பாலத்தைத் தாண்டியதும் சட்டையில் பிடி தளர்ந்தது. கடற்காற்று வந்தது. சிலோன் ரோடு திரும்புவதற்கு முன்னால் முதுகில் ஒரு அடி.

"இவ்வளவுதானா இதோட வேகம்?"

முறுக்கினேன். கூவினாள். கோயில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், "நிறுத்து, பாப்போம்!" என்றாள். இரண்டு விரல். நின்றது. இறங்கி, சேலையைச் சரிசெய்து, முன் சக்கரத்துக்கு வந்து, குனிந்து, அந்த டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜப்பான் என்றும் சொல்லவில்லை, துரை என்றும் சொல்லவில்லை. "உங்கப்பா ஓட்டை சரியாத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ஜூரோங். அங்கேயும் துரை இருப்பான், நிறம் வேறாக இருக்கும். அவன் என் உழைப்புக்குப் பழைய வண்டியைக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கமாட்டேன். வேலை உத்தரவாதத்தை எழுத்தில் தரச் சொல்வேன். நான் போடுகிற துளையைப் பார்த்து எவன் சிரித்தாலும் அடைக்கமாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவை எங்கே போகச் சொல்கிறாளோ அங்கே கூட்டிப்போவேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சக்கரத்துக்குப் பொட்டு உண்டு. பிரேக் கட்டையை மட்டும் அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பேன். இது சத்தியம்.

உங்கள் நாலு துளையிலும் போல்ட் போட்ட உங்கள் மகன்,
செல்வம்